ரவுட்டரைப் பின் ரூமுக்கு மாத்துன கதை



போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்திருந்தார். மஞ்சள் விதை பத்திப் பேசிட்டு எந்திரிச்சவர், செருப்பைப் போட்டுக்கிட்டே, "ஏனுங்க, எங்க வீட்டுல நெட்டுப் பொட்டி முன்னால ஆசாரத்துல இருக்குது. அதைப் பின்னால ரூமுக்கு மாத்தோணும். அங்க பழைய எக்ஸ்டென்ஷன் ஒண்ணு சும்மாதான் கெடக்குது. பொட்டியைக் கொண்டுபோயி அதுல சொருகினாப் போதுமுங்களா?" அப்படின்னு கேட்டார்.

"போதாதுங்க. உக்காருங்க சொல்றேன்"னு சொன்னேன். அவரு மறுபடியும் செருப்பைக் கழட்டிட்டு உக்காந்தார். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. ஏன்னா ஒயரை மட்டும் சொல்ல முடியலை. எங்கம்மாவையும் சேத்துத்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு. அதை இங்கயும் எழுதி வெச்சுரலாம்னு தோணுச்சு. எங்காச்சும் ஒருத்தருக்கு உதவும்.

எங்களுது தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். பவானி ஆத்துல கொடிவேரி அணைக்கட்டுல இருந்து பிரியற ரெண்டு வாய்க்கால்ல ஒண்ணு தடப்பள்ளி, இன்னொண்ணு அரக்கன்கோட்டை. நமக்கு நெல்லு ஒரு ஏக்கர், மஞ்சள் ஒரு ஏக்கர், மாட்டுக்குத் தீவனம் கொஞ்சம். வீடு தோட்டத்துக்குள்ளயே இருக்குது. எங்க தாத்தா கட்டுன வீடு. மண்சுவரு, ஒண்ணரை அடி கனம். வெயில் காலத்துல உள்ள குளுகுளுன்னு இருக்கும். அந்தச் சுவரேதான் பின்னால எங்களுக்கு வெனையாவும் வந்துச்சு.

போன் எங்க வீட்டுக்கு வந்தது 1999-ல. எங்கய்யன் எழுதிக் கொடுத்து ரெண்டு வருஷம் காத்துக் கெடந்து வாங்குனது. முன் ஆசாரத்துல, சாமி படத்துக்குக் கீழ ஸ்டூல் போட்டு வெச்சாங்க. சுத்துப்பட்டு நாலு தோட்டத்துக்காரங்களுக்கும் அந்த ஒரு போன்தான். "உங்களுக்குப் போன் வந்திருக்குது"ன்னு வரப்புல ஓடிப்போயி சொல்றது என் வேலை.

2008-ல அய்யன் களத்துல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. பின் ரூம்ல கட்டில்லயே படுத்திருந்தார். போன் மணி கேட்டா எந்திரிக்கப் பாப்பார். அதனால அவரு தலமாட்டுல ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுக் கொடுத்தோம். லைன்மேன் ஒருத்தர் வந்து, ஆசாரத்துப் பொட்டியில இருந்து ஒரு தட்டை ஒயரை இழுத்து, கரண்டு ஒயர் போற மரப்பட்டி மேலயே ஆணி அடிச்சுக் கொண்டுபோனார். அய்யன் 2011-ல போயிட்டார். போனை எடுத்து உள்ள வெச்சுட்டோம். சுவத்துல சாக்கெட்டு மட்டும் இருந்துச்சு. அது மேலயே ரெண்டு தடவை சுண்ணாம்பும் அடிச்சாச்சு.

நெட்டு வந்தது 2016-ல. புதுசா ஒயர் எதும் இழுக்கலை. போன் வர்ற அதே ரெண்டு செம்புக் கம்பியில நெட்டும் வரும்னாங்க. ரவுட்டரை ஆசாரத்துல போன் பக்கத்துலயே வெச்சுட்டுப் போனாங்க. பெரியவ கல்யாணமாகிப் போயிட்டா. சின்னவ அப்ப பள்ளிக்கூடம். நமக்கு மஞ்சள் வெல பாக்கறதுக்கும், மழை வருமான்னு பாக்கறதுக்கும் அது போதுமா இருந்துச்சு.

2020-ல கொரோனா வந்துச்சு பாருங்க, அப்பத்தான் எல்லாமே மாறிப்போச்சு.

சின்னவ அப்ப பி.எஸ்சி. கணக்கு, ரெண்டாம் வருஷம். காலேஜு மூடிட்டாங்க. கிளாஸ் எல்லாம் செல்லுலதான். எங்க வீட்டுக்குள்ள செல் சிக்னல் எடுக்காது. கெணத்து மேட்டுக்குப் போனாத்தான் ரெண்டு கோடு வரும். அதனால ஆசாரத்துல ரவுட்டர் பக்கத்துல உக்காந்துதான் அவ படிக்கணும். ஆசாரம்னா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். எங்கம்மா அங்கதான் பாய் போட்டுப் படுத்திருக்கும். பால்காரர் வருவார். கூலிக்கு ஆளு வரும். மாடு கத்தும். டி.வி. ஓடும். ஒரு நாள் வாத்தியார் இவளைக் கேள்வி கேட்டப்ப, இவ மைக்கை ஆன் பண்ண, பின்னால நான் "அந்தத் தவிட்டு மூட்டையை எங்க வெச்சே?"ன்னு கத்துனது கிளாஸ் முழுக்கக் கேட்டுப் போச்சு. அன்னிக்குப் புள்ள அழுதுட்டா.

"அப்பா, எனக்குப் பின் ரூம் வேணும். அங்க வைஃபை வர்றதில்லை"ன்னா.

வராது. நடுவுல ரெண்டு மண்சுவரு. ஆசாரத்துல அஞ்சு கோடு காட்டறது, பின் ரூம் வாசப்படியைத் தாண்டினா ஒண்ணு காட்டும், அப்புறம் அதுவும் போயிரும். அப்பத்தான் எனக்கு அய்யனோட எக்ஸ்டென்ஷன் ஞாபகம் வந்துச்சு. கத்தியில சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தேன். பழைய போனைத் தொடச்சு சொருகிப் பாத்தேன். டயல் டோன் கணீர்னு வந்துச்சு. ஒன்பது வருஷம் கழிச்சும் உசுரோட இருக்குதேன்னு எனக்கு ஒரே சந்தோசம். ரவுட்டரைக் கழட்டிக் கொண்டாந்து அந்தச் சாக்கெட்டுல சொருகிட்டேன்.

பவர் லைட்டு எரியுது. வைஃபை லைட்டு எரியுது. டி.எஸ்.எல்.னு ஒரு லைட்டு இருக்கும், அது மட்டும் மினுக்கு மினுக்குன்னு மினுக்கிட்டே இருக்குது. நிலைச்சு எரிய மாட்டேங்குது. அரை நாள் பாத்தேன். அதேதான். மறுபடியும் ஆசாரத்துக்குக் கொண்டுபோயி சொருகினா ஒரு நிமிசத்துல நின்னு எரியுது.

போன் வருது, நெட்டு வரலை. ஒரே ஒயர்தானே? இது என்ன மாயம்னு எனக்குப் புரியவே இல்லை. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். ஆனா மோட்டார் ஸ்டார்ட்டர் ஒயரிங் நானே பாத்துக்குவேன். அதனால விட மனசில்லை. ஆசாரத்துப் பொட்டியைக் கழட்டி, ஒயர் எங்கிருந்து எங்க போகுதுன்னு ஒவ்வொண்ணாப் பாத்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது.

2016-ல நெட்டுப் போட வந்தவர் ஒரு சின்ன வெள்ளை டப்பாவை மாட்டிட்டுப் போயிருக்கார். ஸ்பிளிட்டர்னு பேரு. அதுல மூணு ஓட்டை. ஒண்ணுல 'லைன்'னு போட்டிருக்கும், ஒண்ணுல 'போன்', ஒண்ணுல 'மோடம்'. வெளிய இருந்து வர்ற ஒயர் லைன்ல போகும். போன் ஓட்டையில போன். மோடம் ஓட்டையில ரவுட்டர்.

அந்த டப்பா என்ன பண்ணுதுன்னா, சல்லடை வேலை பண்ணுது. போன்ல நாம பேசற பேச்சு கம்பியில போறப்ப, நொடிக்கு நாலாயிரம் அதிர்வுக்குள்ளயே அடங்கிரும். நெட்டு அதுக்கும் மேல, இருபத்தஞ்சாயிரத்துல ஆரம்பிச்சு பத்து லட்சம் தாண்டி ஓடும். ஒரே வாய்க்கால்ல அடியில ஒரு தண்ணி, மேல ஒரு தண்ணி போற மாதிரி. ரெண்டும் கலக்காம ஒரே கம்பியில வருது. ஸ்பிளிட்டரோட போன் ஓட்டை, அடித்தண்ணியை மட்டும் விட்டுட்டு மேல்தண்ணியை நிறுத்திரும். எக்ஸ்டென்ஷன் ஒயரை அந்த ஆளு போன் ஓட்டைப் பக்கம் சேத்துக் கட்டியிருக்கார். அப்ப பின் ரூமுக்குப் போறது பேச்சு மட்டும்தான். நெட்டு ஆசாரத்துலயே நின்னுருது. அதுல ரவுட்டரைச் சொருகிட்டு, தண்ணி வரலைன்னு அடைச்ச மடைக்குக் கீழ உக்காந்துட்டு இருந்திருக்கறேன்.

அந்த ஆளு மேல தப்பு இல்லைங்க. அன்னிக்கு எக்ஸ்டென்ஷன்ல போன்தான வரும்னு நெனச்சுக் கட்டியிருக்கார். அது சரிதான்.

தப்பு நான் அடுத்ததாப் பண்ணுனது.

வெவரம் புரிஞ்சதும் எனக்குப் பெரிய இஞ்சினியர் ஆயிட்ட மாதிரி ஒரு நெனப்பு. ஆசாரத்துல இருந்த ஸ்பிளிட்டரைக் கழட்டிட்டேன். வெளிய இருந்து வர்ற லைனையும், எக்ஸ்டென்ஷன் ஒயரையும், அம்மாவோட போன் ஒயரையும் பொட்டியிலயே ஒண்ணா முறுக்கிக் கட்டிட்டேன். ஸ்பிளிட்டரைக் கொண்டுபோயி பின் ரூம்ல மாட்டி, அதுல ரவுட்டரைச் சொருகினேன். டி.எஸ்.எல். லைட்டு நின்னு எரிஞ்சுது. சின்னவ கதவைச் சாத்திட்டு உள்ள கிளாஸ் கேட்டா. ஒரு சத்தம் இல்லை. அன்னிக்கு மத்தியானம் சோத்துக்கு வந்தப்ப அவ மொகத்தைப் பாக்கோணுமே.

அது ஒரு நாள் கூட நெலைக்கலை. மணி பதினொண்ணு ஆனா நெட்டு புடுங்கிக்கும்.

ஏன்னு கேட்டீங்கன்னா, பதினொண்ணு மணிக்கு சின்னம்மா போன் பண்ணும்.

சின்னம்மாங்கறது எங்கம்மாவோட தங்கச்சி. சத்தியமங்கலம் பக்கம் கட்டிக் கொடுத்தது. அம்மாவுக்கு அப்ப எழுவத்தெட்டு, சின்னம்மாவுக்கு எழுவத்திரண்டு. அண்ணன் தம்பி எல்லாம் போயிட்டாங்க, கூடப் பொறந்தவங்கன்னு மிஞ்சுனது இவங்க ரெண்டு பேருதான். கொரோனாவுக்கு முன்னால மாசம் ஒருக்கா பஸ்ஸேறிப் போயி வந்துட்டு இருந்துச்சு. பஸ்ஸு நின்னதும் போன் மட்டும்தான். தெனமும் பதினொண்ணு மணிக்கு, சின்னம்மா சோறு வடிச்சு வெச்சுட்டுக் கூப்பிடும். ஒரு பத்து நிமிசம். என்ன கொழம்பு, மாடு என்ன கறந்துச்சு, ஊருல யாருக்குக் காய்ச்சல். அவ்வளவுதான் பேச்சு. அம்மாவுக்குச் செல் பிடிக்கத் தெரியாது, காதும் கொஞ்சம் மந்தம். அந்தப் பழைய போன் ரிசீவரை ரெண்டு கையிலயும் புடிச்சுக் காதுல அழுத்திக்கிட்டுப் பேசும். பத்தே முக்காலுக்கே ஸ்டூல் பக்கத்துல வந்து உக்காந்துக்கும்.

நான் ஸ்பிளிட்டரைப் பின்னால கொண்டுபோயிட்டதால, ஆசாரத்துப் போனுக்குச் சல்லடை இல்லாமப் போச்சு. மணி அடிக்கறப்பவும் ரிசீவரைத் தூக்கறப்பவும் அந்தப் போன் நேரா லைன்ல பாயுது, நெட்டு அறுந்து போகுது. அது மறுபடியும் புடிக்க ரெண்டு மூணு நிமிசம். அம்மாவுக்கும் போன்ல ஒரே இரைச்சல். "என்னடா கண்ணு, மழை பெய்யற மாதிரி சத்தம் கேக்குது"ன்னு சொல்லுச்சு. நான் காதுல வாங்கிக்கலை.

இது பத்தாதுன்னு, அடுக்களையில கிரைண்டர் போட்டாலும் நெட்டு தடுமாறும். எக்ஸ்டென்ஷன் ஒயர் கரண்டு ஒயரை ஒட்டியே போகுதுன்னு சொன்னேனே, அதுதான் காரணம்னு பின்னாலதான் தெரிஞ்சுது. "நீங்க நெட்டு மாத்துனதுல நான் மாவாட்டக்கூட முடியலை"ன்னு வீட்டுக்காரி சொல்லிட்டா.

இந்தச் சமயத்துல சின்னவளுக்குப் பரீட்சை வந்துச்சு. திங்கள், செவ்வாய், புதன். காத்தால பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும். கேமராவை ஆன் பண்ணி வெச்சுட்டு எழுதோணும். நடுவுல லைன் அறுந்தா என்ன ஆகும்னு யாருக்கும் சரியாத் தெரியலை. புள்ளைக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

நான் என்ன பண்ணேன்னா, திங்கக்கெழமை காத்தால ஒம்பதரைக்கு, அம்மா பொடக்காளிப் பக்கம் போன நேரம் பாத்து, ஆசாரத்துப் போன் ஒயரைப் புடுங்கி ஸ்டூலுக்குப் பின்னால தள்ளி வெச்சுட்டேன். ஒண்ணு மணிக்கு மாட்டிரலாம்னுதான் நெனச்சேன். அன்னிக்கு மஞ்சள் காட்டுல களை எடுக்க ஆளு விட்டிருந்தேன். மறந்துட்டேன். பொழுதோட ஞாபகம் வந்துச்சு. வந்தும், சரி, புள்ள படிச்சுட்டு இருக்குது, பரீட்சை முடியற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டுட்டேன். இதுல ஒளிக்க ஒண்ணுமில்லை, தெரிஞ்சேதான் விட்டேன்.

செவ்வாக்கெழமை அம்மா கேட்டுச்சு. "ஏன்டா, நேத்தும் மணி அடிக்கலை, இன்னிக்கும் அடிக்கலையே."

"லைன்ல ஏதோ கோளாறும்மா. சொல்லியிருக்கறேன். வந்து பாப்பாங்க"ன்னு சொன்னேன். பொய்யி.

ரிசீவரை எடுத்துக் காதுல வெச்சுப் பாத்துட்டு வெச்சுச்சு. ஒண்ணும் சொல்லலை. மத்தியானம் சரியாச் சாப்பிடலை. நான் கவனிக்கலை. வீட்டுக்காரி கவனிச்சுச் சொன்னா, "வயசானவங்களுக்கு அப்படித்தான்"னு நான் சொன்னேன்.

புதன்கெழமை மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். பரீட்சை முடிஞ்சு சின்னவ வெளிய வந்து மொகம் கழுவிட்டு இருந்தா. வாசல்ல டி.வி.எஸ். பிப்டி சத்தம். சின்னம்மா மவன். என் தம்பி முறை. மாஸ்க் போட்டுட்டு, வண்டியை விட்டு எறங்காம, வேத்து விறுவிறுத்துப் போயி நிக்கறான்.

"அண்ணா, பெரியம்மா எப்படி இருக்குது?"

எனக்கு ஒண்ணும் புரியலை. "நல்லாத்தான்டா இருக்குது, ஏன்?"

அவன் அப்படியே வண்டி மேல தலையைச் சாச்சுட்டான். மூணு நாளா சின்னம்மா கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்குது. மணி போகுதாம், யாரும் எடுக்கலையாம். இந்தப் பக்கம் போனைப் புடுங்கி வெச்சிருந்தாலும் கூப்பிடறவங்க காதுல மணி அடிக்கற சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருக்கும்ங்க. அது எனக்கு அன்னிக்குத் தெரியாது. என் செல்லுக்கும் கூப்பிட்டிருக்காங்க. வீட்டுல சிக்னல் இல்லை. கெணத்து மேட்டுக்குப் போறப்ப டொய்ங் டொய்ங்னு மெசேஜ் வந்து விழும், நான் அதையெல்லாம் படிக்கறதே இல்லை. அக்கா வீட்டுல எல்லாருக்கும் நோவு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க போலன்னு சின்னம்மா ரெண்டு நாளா அழுதிருக்குது. புதன்கெழமை சோறே ஆக்கலையாம். "நீ போயிப் பாத்துட்டு வா, இல்லாட்டி நானே நடந்து போறேன்"னு கெளம்பியிருச்சாம். அதுக்குத்தான் இவன் வந்திருக்கான்.

பேச்சுச் சத்தம் கேட்டு அம்மா திண்ணைக்கு வந்துச்சு. தங்கச்சி மவன் நேரங்கெட்ட நேரத்துல வந்து நிக்கறதைப் பாத்ததும் அதுக்குக் கால் நிக்கலை. தூணைப் புடிச்சுக்கிட்டு, "எம்பட தங்கச்சி உசுரோட இருக்குதா?"ன்னு கேட்டுச்சு.

ரெண்டு பக்கமும் இதே நெனப்புலதான் இருந்திருக்காங்க. எங்கம்மா மூணு நாளா, தங்கச்சி போயிருச்சு, மவன் நம்மகிட்ட மறைக்கறான்னே நெனச்சிருக்குது. அந்தக் கொரோனாக் காலத்துல செத்தவங்க மொகத்தைக்கூடப் பாக்க விடாம எடுத்துட்டுப் போனாங்க இல்லையா. அதையும் நெனச்சிருக்கும்.

நான் உள்ள போயி, ஸ்டூலுக்குப் பின்னால இருந்த ஒயரை எடுத்து மாட்டி, அவன்கிட்ட நம்பர் கேட்டு நானே போட்டுக் கொடுத்தேன். அம்மா ரிசீவரை வாங்கி, ஒரு வார்த்தை பேசலை. அழுதுச்சு. அந்தப் பக்கமும் அழுகைதான் கேக்குது. அந்த இரைச்சலுக்குள்ளயும் கேட்டுச்சு.

போனை வெச்சுட்டு அம்மா என்னைப் பாத்துச்சு. ஒயரை நான் எங்கிருந்து எடுத்தேன்னு பாத்திருக்குது.

"புள்ள படிப்புக்கு வேணும், போனை எடுக்கறேன்னு சொல்லியிருந்தா, எடுத்துக்கடா கண்ணுன்னு நானே சொல்லியிருப்பேன். சொல்லாம எதுக்குடா புடுங்குனே?"

அவ்வளவுதான் கேட்டுச்சு. கோவமாக்கூடக் கேக்கலை. எனக்கு அம்பத்தி மூணு வயசு அப்ப. பதில் வரலை.

சின்னவ அதுக்கும் மேல. "அப்பத்தா போனைப் புடுங்கித்தான் நான் பரீட்சை எழுதுனேனா? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லப்பா?"ன்னு கேட்டுட்டு அவளும் அழுதா. ரெண்டு பேரும் அன்னிக்கு ராத்திரி ஆசாரத்துலதான் படுத்துக்கிட்டாங்க.

அடுத்த நாள் காட்டுக்குப் போகலை. இதைச் சரியாப் பண்ணிட்டுத்தான் மறுவேலைன்னு உக்காந்தேன். கோபியில எலக்ட்ரிக்கல் கடைக்குப் போயி, டெலிபோன் ஒயர் முப்பது மீட்டர் வாங்கினேன். தட்டை ஒயர் வேண்டாம், ரெண்டு கம்பியும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கிட்டு இருக்கற ஒயரே வாங்குங்கன்னு கடைக்காரர் சொன்னார். அப்படி முறுக்கி இருந்தா, வெளியில இருந்து வர்ற இரைச்சல் ரெண்டு கம்பியிலயும் ஒரே மாதிரி ஏறி, ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குமாம். தட்டை ஒயர்ல அது நடக்காது.

பழைய எக்ஸ்டென்ஷன் ஒயரை உரிச்சு எடுத்துப் பாத்தா மூணு எடத்துல ஒட்டுப் போட்டிருக்குது. டேப்பு காஞ்சு கழண்டு, கம்பி பச்சைப் பூத்துக் கெடக்குது. அடுக்களைக்கு மேல எலி வேற கடிச்சிருக்குது. இதுல இத்தனை நாள் நெட்டு வந்ததே பெருசு.

புது ஒயரைக் கரண்டுப் பட்டிக்கு ஒரு அடி தள்ளியே கொண்டுபோனேன். கரண்டு ஒயரைத் தாண்ட வேண்டிய எடத்துல ஒட்டிப் போகாம குறுக்க நேராத் தாண்டினேன். நடுவுல ஒட்டே இல்லாம ஒரே ஒயரா இழுத்தேன்.

முக்கியமான மாத்தம் இதுதான்: ஸ்பிளிட்டரைத் திரும்ப ஆசாரத்துக்கே கொண்டாந்தேன். வெளிய இருந்து லைன் வீட்டுக்குள்ள நுழையற மொத எடத்துலயே அது இருக்கணும். லைன் ஓட்டையில வர்ற லைன். போன் ஓட்டையில அம்மாவோட போன். மோடம் ஓட்டையில இருந்து புது ஒயரை எடுத்து நேரா பின் ரூமுக்கு. அந்த ஒயர்ல ரவுட்டர் மட்டும்தான், வேற போன் எதும் கெடையாது. தண்ணி பிரியற எடத்துல மடையை வெச்சு, அவங்கவங்க பங்கை அவங்கவங்க வாய்க்கால்ல விட்ட மாதிரி.

இதுல ஒரு கூத்து. ஆசாரத்துல உக்காந்து பல்லுல ஒயரை உரிச்சுட்டு, லைன் கம்பி ரெண்டையும் வெரல்ல புடிச்சு முறுக்கிட்டு இருந்தேன். போன் ஒயர்தானே, சும்மா இருக்கறப்ப அம்பது வோல்ட்டுக்குள்ளதான் இருக்கும், ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு தெம்பு. சுருக்குன்னு கை உதறிடுச்சு. மணி அடிக்கறப்ப அதுல எழுவது எண்பது வோல்ட்டு மாறி மாறி வருமாம். கடிகாரத்தைப் பாத்தேன். பதினொண்ணு.

"அம்மா, சின்னம்மா கூப்பிடுது, ரெண்டு நிமிசம் இரு"ன்னு கத்தினேன். எப்படிடா தெரியும்னு கேட்டுச்சு. வெரலைக் காட்டினேன். மூணு நாளைக்கப்புறம் அப்பத்தான் சிரிச்சுச்சு. அவசர அவசரமா மாட்டிக் கொடுத்தேன். இரைச்சல் இல்லை. "உன் சத்தம் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு, இப்பப் பக்கத்துல இருக்கற மாதிரி இருக்குதுடி"ன்னு தங்கச்சிகிட்டச் சொல்லிட்டு இருந்துச்சு. உள்ள சின்னவ கிளாஸ் கேட்டுட்டு இருந்தா. லைட்டு ஒரு தடவை கூட மினுக்கலை. அடுக்களையில கிரைண்டரையும் போடச் சொல்லிப் பாத்தேன். ஒண்ணும் ஆகலை.

சாயந்திரம் சின்னவ ரவுட்டருக்குள்ள போயிப் பாத்தா. 192.168.1.1-னு போட்டா ஒரு பக்கம் வருது. அதுல எஸ்.என்.ஆர். மார்ஜின்னு ஒரு கணக்கு இருக்கும். இரைச்சலுக்கு மேல லைன் எவ்வளவு தெம்பா நிக்குதுங்கற கணக்கு. ஆறுக்குக் கீழ போனா அறுந்து அறுந்து போகும், கூட இருக்க இருக்க நல்லது. பழைய ஒயர்ல ஏழுக்கும் அஞ்சுக்கும் ஆடிட்டு இருந்தது, புது ஒயர்ல பதிமூணுல போயி நின்னுச்சு.

இப்ப, பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சுருக்கமாச் சொல்லிடறேன்.

எக்ஸ்டென்ஷன்ல போன் பேசுதுங்கறதுக்காக நெட்டும் வரும்னு நெனைக்காதீங்க. அந்த ஒயர் ஸ்பிளிட்டருக்கு முன்னால கட்டியிருக்குதா, பின்னால போன் பக்கம் கட்டியிருக்குதான்னு மொதல்ல பாருங்க. ஸ்பிளிட்டரை லைன் நுழையற எடத்துலயே வெச்சு, மோடம் ஓட்டையில இருந்து ரவுட்டருக்குன்னு தனி ஒயர் இழுக்கறதுதான் நல்ல வழி. அது முடியாம எல்லாத்தையும் நேராக் கட்டித்தான் ஆகணும்னா, வீட்டுல எத்தனை போன் இருக்குதோ அத்தனைக்கும் ஆளுக்கொரு பில்டர் போட்டே ஆகணும். ஒண்ணு விட்டாலும் அந்த ஒண்ணு எல்லாத்தையும் கெடுக்கும். பழைய ஒட்டு ஒயரை நம்பாதீங்க. இடி மின்னல் வந்தா கரண்டு பிளக்கு மட்டும் புடுங்கினாப் பத்தாது, போன் ஒயரையும் ரவுட்டர்ல இருந்து புடுங்கிருங்க. மின்னல் அந்தக் கம்பி வழியாவும் வரும். 2021 ஐப்பசியில எங்க ரவுட்டர் ஒண்ணு அப்படித்தான் போச்சு.

இது செம்புக் கம்பியில நெட்டு வர்றவங்களுக்கு மட்டும். ஃபைபர் வந்திருந்தா எக்ஸ்டென்ஷன் சாக்கெட்டுல ரவுட்டரை வெக்கறதுக்கு இல்லை. அதுக்கு ஒயர் வேற, வழி வேற.

சின்னவ படிச்சு முடிச்சு, இப்ப ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருக்கா. அந்தப் பரீட்சையில நல்ல மார்க்குதான். சின்னம்மா 2022 மாசியில தவறிப்போச்சு. கொரோனா இல்லை, வயசுதான். தகவல் வந்ததும் அதே போன்லதான், ஆனா பதினொண்ணு மணிக்கு இல்லை, காத்தால அஞ்சு மணிக்கு. அம்மாவைக் கூட்டிட்டுப் போயி மொகம் பாக்க வெச்சோம்.

அம்மாவுக்கு இப்ப காது சுத்தமாக் கேக்கறதில்லை. யாரும் அந்தப் போனுக்குக் கூப்பிடறதும் இல்லை. மாச வாடகை தண்டமாப் போகுது, போனைக் குடுத்துரலாம், நெட்டுக்கு வேற வழி பாத்துக்கலாம்னு வீட்டுக்காரி சொல்றா. அவ சொல்றதும் நியாயந்தான். இந்தத் தடவை நானாப் புடுங்கலை. அம்மா காதுகிட்டப் போயி சத்தமாக் கேட்டேன், "போனை எடுத்தரட்டுமாம்மா?"ன்னு.

கொஞ்ச நேரம் ஸ்டூலைப் பாத்துட்டு, "இருந்துட்டுப் போகட்டும்டா கண்ணு"ன்னு சொல்லுச்சு.

சரின்னுட்டேன். இருக்குது.

நாளைக்கு மஞ்சளுக்குத் தண்ணி கட்டோணும். வர்றேனுங்க.